கணிப்பொறிக்குள் யார் பெயர்?

(மரக்காணம் உப்பளக் கரையில் கூடிய தமிழன்பர் நடுவே நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



பெயர் மாறுவதும் மாற்றப்படுவதும் இக்கரைக்குப் புதியன அல்ல. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் பட்டினமாகச் சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கடற்செலவு நூல், கீழைக்கரைத் துறைகளுள் ஒன்றைச் 'சோபட்டுமா' என்று குறிக்கின்றது. அது சோபட்டினம் என்பதன் திரிபு; 'சோ' என்றாலும் மதில், 'எயில்' என்றாலும் மதில்; ஆகலின் இரண்டும் ஓரூரே என்று அவ்வாய்வாளர் காட்டுவர். ஊரார் நாவில் எயிற்பட்டினம். அயலான் ஏட்டில் சோபட்டுமா. ஊரார் தம் ஊரை எத்துணை அழகாக அழைத்தாலும், கப்பலோட்டி வந்தவன் தன் ஏட்டில் எழுதிக்கொண்ட பெயரை வைத்தே துறையைத் தேடினான்.

ஈராயிரம் ஆண்டு கழிந்தபின் அதே நிகழ்ச்சி தமிழர் வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் நடந்துகொண்டிருக்கின்றது. இவ்வுரை அதைப் பற்றியது.

உப்பளத்தில் உழைக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்க. மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தி மிதித்து, நீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏற உப்பு வாரி, மீண்டும் வடகிழக்கு மழை இறங்கும் வரை கண்கூசும் வெள்ளையில் நிற்கும் தாயும் தந்தையும். அவ்வீட்டில் படிக்கும் ஒரு பெண். தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபின், அதுவரை அப்பொறியைத் தொட்டும் பாராத வீடுகளிலும் அது நுழைந்தது. வேறு சில வீடுகளில் கடையில் வாங்கிய பழம்பொறி இருக்கும். பெண்ணின் மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வேலை வேண்டி எழுதிய விண்ணப்பம், பாட்டியின் ஒரே ஒளிப்படம் எல்லாம் அதற்குள் கிடக்கும். எந்தப் பெயரின் கீழ்க் கிடக்கும்? அங்கேதான் வியப்பு. 'சி' என்னும் வட்டினைத் திறந்து, 'யூசர்சு' என்னும் கோப்புறையினுள் நுழைந்து பார்த்தால், பெண்ணின் பெயர் அங்கே இராது. 'அட்மின்' என்றிருக்கும், அல்லது 'யூசர்' என்றிருக்கும், அல்லது பொறியைச் செய்த குழும்பின் பெயர் இருக்கும், அல்லது அமைத்துக் கொடுத்த கடைப்பையனின் பெயரே இருக்கும். வீட்டார் செல்வம் அனைத்தும் ஊர் பேர் தெரியாத ஒருவனின் கொட்டிலில் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றது.

அயற்பெயர் வாராவிடினும் அரைப்பெயர் வரும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து விண்டோசு இயக்கமைப்பினுள் முதன்முறை நுழைவோர்க்கு, அம்முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துக் கோப்புறைக்குப் பெயராக இட்டுவிடுவது மைக்குரோசாபுட்டு கணக்கின் வழக்கம். யாரையும் கேட்பதில்லை. கயல்விழி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி ஐந்தில் வெட்டினால் 'கயல்' நிற்கும், விழி போய்விடும். அறிவுடைநம்பிக்கு 'அறிவு' மட்டும் எஞ்சும்; அவர் நற்பேறு பெற்றவர் என்க. தமிழ்ச்செல்வி என்று பெயர் கொண்டோர் நிலைதான் இரங்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'தா'வுக்கு இரண்டெழுத்துப் போட்டு எழுதும் பழக்கமிருந்தால், ஐந்தில் வெட்டியவுடன் நிற்பது 'தமி'. தமி என்றால் துணையின்றித் தனித்திருத்தல் என்பதைக் கேட்போர் அறிவர். மொழியையும் செல்வத்தையும் ஒருங்கே பெயராகக் கொண்ட பெண்ணை, பொறியானது ஐந்தாம் எழுத்தில் தமியள் ஆக்கிவிடுகின்றது!

'இதற்கென்ன, அமைப்புகளுக்குள் சென்று பெயரை மாற்றிவிட்டால் போயிற்று' என்பார் பலர். மாற்றியும் பார்த்திருப்பர். திரையில் நுழைவு வாயிலில் புதுப்பெயர் பளிச்சென்று தோன்றும். ஆனால் கோப்புறையின் பெயர் இம்மியும் அசைந்திராது. இதன் கரணியத்தை உப்பளத்தார் எளிதில் அறிந்துகொள்ளலாம். ஒரு பாத்தியின் வரப்பில் நட்ட பலகையில் உடையவரின் பெயரை அழித்துப் புதுப்பெயர் எழுதலாம். ஆனால் அளத்துக் கணக்கரின் ஏட்டில் பழம்பெயரே இருந்தால், மூட்டைக் கணக்கும் கூலிக் கணக்கும் பழம்பெயரிலேயே ஓடும். (சம்பளம் என்னும் சொல்லையே நெல்லாகிய சம்பும் உப்பாகிய அளமும் சேர்ந்ததென்று காட்டும் சொல்லாய்வாளர் உண்டு; ஆகலின் கணக்கேட்டை இங்கே இழுத்தது மிகையன்று.) கணிப்பொறியில் பயனரின் காட்சிப்பெயர் வேறு, அவர் கோப்புறையின் பெயர் வேறு, இரண்டையும் இணைப்பது 'ரிசிசுட்ரி' எனப்படும் உட்பதிவேடு. கோப்புறைப் பெயர் கணக்குத் தொடங்கிய முதல் நுழைவில் ஒரே ஒருமுறை எழுதப்படுகின்றது. அதன்பின் நூற்றுக்கணக்கான செயலிகள் அவ்வழியைத் தத்தம் குறிப்பில் எழுதிக்கொள்கின்றன. பலகையை மாற்றினால் ஏடு மாறாது.

நாட்டு வாழ்விலும் தமிழர் இதனைக் கண்டிருக்கின்றனர். 'தமிழ்நாடு' என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகட்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். அப்பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 சூலை 18இல். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14இல். தலைநகர் சென்னை என ஆங்கிலத்திலும் வழங்கத் தொடங்கியது 1996இல். ஆயினும் மீனம்பாக்கத்தில் இறங்கும் ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஒட்டப்படும் சீட்டில் இன்றும் 'எம்.ஏ.ஏ.' என்னும் மூன்றெழுத்தே இருக்கின்றது. அது மதராசின் எச்சம். உயர் வழக்குமன்றத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் ஆங்கிலப் பெயரில் மதராசு போகவில்லை. பலகையில் சென்னை; ஏட்டில் மதராசு. உயிர் கொடுத்துப் பெற்ற பெயர்க்கே இந்நிலையென்றால், ஒரு பெட்டிக்குள் கிடக்கும் பெயர் எளிதில் மாறிவிடும் என்று எண்ணுவதெப்படி?

முழுமையாக மாற்றிக் காட்டியவரும் உளர். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்றாக்கிய அடிகளார் அதனோடு நின்றாரல்லர். தாம் நடத்திய 'ஞானசாகரம்' என்னும் இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். பல்லாவரத்தில் நிறுவிய 'சமரச சன்மார்க்க நிலையம்' பொதுநிலைக் கழகமாயிற்று. ஆள் பெயர், ஏட்டுப் பெயர், இல்லப் பெயர் ஆகிய மூன்றும் ஒருசேர மாறின. கோப்புறைப் பெயரை மாற்றுவார்க்கும் அம் முறையே தேவை: காட்சிப்பெயர், கோப்புறைப்பெயர், உட்பதிவேட்டு வழி ஆகிய மூன்றும் ஒத்து நிற்றல் வேண்டும்.

இனி, செய்முறை. எதனினும் முதலாவது, படியெடுத்து வைத்தல். கோப்புறை முழுவதையும் வெளி வட்டிலோ விரலியிலோ படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்று வேறொரு பொறியிலும் பார்த்துவிடுக. 2011 திசம்பர் இறுதியில் தானே புயலும், 2020 நவம்பர் 25ஆம் நாள் இரவு இக்கரையை ஒட்டியே கடந்த நிவர் புயலும் வீடுகளில் எதை விட்டு வைத்தன, எதைக் கொண்டுபோயின என்பதை இங்குள்ளார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. புயலுக்கே படி வேண்டும் என்னும்போது, பதிவேட்டில் கை வைப்பதற்கு வேண்டாவா?

அடுத்து ஓர் உண்மை. ஒருவர் தாம் நின்றுகொண்டிருக்கும் தரையைத் தாமே பெயர்த்தெடுக்க முடியாது. அவர் தம் கணக்கில் நுழைந்திருக்கும்போது அவருடைய கோப்புறை இயக்கத்தில் இருக்கும். அவர்தம் விருப்பங்கள் எழுதப்பட்ட கோப்பு அங்கே திறந்திருக்கும். பெயரை மாற்ற முயன்றால் பொறி மறுக்கும், மறுப்பதும் நன்றே. ஆகவே மேலாளர் உரிமையுள்ள இரண்டாம் கணக்கொன்றை உருவாக்கிக்கொள்க. 'ஒன் டிரைவு' போன்ற இணையச் சேமிப்பு இணைந்திருந்தால் அதனை முதலில் விலக்குக. பொறியை முழுவதும் மறுதொடக்கம் செய்து, பழங்கணக்கினுள் கால்வைக்காமல் இரண்டாம் கணக்கின் வழியே நுழைக.

அதன்பின் 'ரெசெடிட்' எனத் தட்டினால் உட்பதிவேடு திறக்கும். அதில் 'லோக்கல் மெசின்', 'சாப்ட்வேர்', 'மைக்குரோசாபுட்டு', 'விண்டோசு என்.டி.', 'கரண்ட் வெர்சன்' என்று ஒன்றனுள் ஒன்றாக இறங்கி, 'புரொபைல் லிசுட்டு' என்னும் பட்டியை அடைக. ஆங்கு 'எசு–1–5–21' எனத் தொடங்கும் நீண்ட எண்கள் இருக்கும். கணக்குக்கு ஓர் எண். பயனரின் பெயர் எத்தனைமுறை மாறினாலும் இவ்வெண் மாறாது. பொறி ஆளை அறிவது இதனாலேயே. ஒவ்வோர் எண்ணாகத் தொட்டு, 'புரொபைல் இமேசு பாத்து' என்னும் வரியில் பழம்பெயர் எங்கே நிற்கின்றதெனப் பார்க்க. கண்டதும் அப்பட்டியைத் தனிக்கோப்பாகச் சேமித்துக்கொண்டு, பிறகே அவ்வரியின் இறுதியிலுள்ள பழம்பெயரை நீக்கிப் புதுப்பெயரை எழுதுக. உடனே 'யூசர்சு' கோப்புறைக்குச் சென்று, அங்குள்ள பழங்கோப்புறைக்கும் எழுத்துப் பிசகாமல் அதே பெயரை இடுக. இரண்டையும் ஒரே அமர்வில் முடித்தல் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை நாளைக்கென்று வைத்தவர் இடர்ப்படுவார்.

இடர் என்னவென்றால், ஏட்டிலுள்ள வழியும் கோப்புறைப் பெயரும் ஒவ்வாவிடில், அடுத்த நுழைவில் பொறி பழங்கோப்புறையைக் காணாமல் ஓர் இடைக்கால இருப்பிடத்தைத் தானே கட்டிக்கொடுக்கும். திரை வெறிச்சென்றிருக்கும். கோப்புகள் அழிந்தன என்று அலற வேண்டா. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அவ் விடைக்கால இருப்பிடத்தில் எதை எழுதிச் சேமித்தாலும் வெளியேறியவுடன் போய்விடும். மழைநாளில் பாத்தியில் விட்ட உப்பின் நிலைதான். எதையும் எழுதாமல் வெளியேறி, இரண்டாம் கணக்கின் வழி நுழைந்து எழுத்துப்பிழையைத் திருத்துக.

எல்லாம் ஒத்தபின்னும் சில செயலிகள் பழைய வழியையே தேடி மயங்கும். குறுவழிகள் திறவா. அவற்றிற்காகப் பழம்பெயரில் ஒரு சுட்டியை அமைத்து, தேடி வருவோரைப் புதுக்கோப்புறைக்கு அனுப்பும் 'எம்.கே. லிங்கு' என்னும் கட்டளை உண்டு. ஊர் மாறிய பிள்ளையின் பெயர்க்கு வரும் அஞ்சலைப் பழைய வீட்டார் வாங்கிக் கொடுத்தனுப்புவது போன்றது. இரண்டொரு திங்கள் அது இருக்கட்டும்.

இத்துணையும் கேட்டபின் நெஞ்சில் தயக்கம் எழுமானால் அது கோழைமையன்று. பொறியில் பெரும் பட்டறிவில்லாதார்க்கு இவ்வழியைவிட நல்லது வேறொன்று. முழுப்பெயரில் புதுக்கணக்கொன்றைத் தொடங்கி, பழங்கோப்புறையிலுள்ள ஆவணங்களையும் படங்களையும் மட்டும் அதற்குள் பெயர்த்து, எல்லாம் வந்துசேர்ந்தன என்று உறுதிசெய்தபின் பழங்கணக்கை நீக்கிவிடுவதே அது. செயலிகளின் அமைப்புகளைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும். ஒரு மாலைப்பொழுது செலவாகும். பதிவேட்டைத் தொட வேண்டுவதில்லை. பத்தில் எட்டு வீடுகளுக்கு இதுவே தக்கது. கணக்குத் தொடங்கும்போது மின்னஞ்சலைக் கேட்கும். மின்னஞ்சலில்லாப் பயனராகச் சேர்க்கும் வழி அதனடியில் சிற்றெழுத்தில் மறைந்திருக்கும். அதனையே தெரிவு செய்க. அங்கே எழுதும் பெயரே கோப்புறைக்கு ஏறும். ஐந்தெழுத்துக் கத்தி அங்கே வாராது.

இனித் தூயதமிழன்பர் அனைவர் நாவிலும் நிற்கும் கேள்வி. கோப்புறைப் பெயரைத் தமிழெழுத்திலேயே இடலாகாதா? இடலாம். விண்டோசு உள்ளே ஒருங்குறியைக் கொண்டே இயங்குகின்றது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ்க்கு இடமுண்டு. 2000ஆம் ஆண்டின் விண்டோசு பதிப்பிலிருந்து தமிழெழுத்து அதில் முறையாக ஏறிவிட்டது. தமிழ்ச்செல்வி என்று தமிழிலேயே கோப்புறை இருப்பதைப் பொறி மறுக்காது.

மறுப்பது வேறிடத்தில். ஒருங்குறிக்கு முற்பட்ட முறையில் எழுதப்பட்ட பழஞ்செயலிகள் சில இன்னும் கணக்கெழுதவும் அச்சிடவும் பயன்படுகின்றன. அவை கோப்பின் வழியைப் பழைய எட்டுத்துணுக்குக் குறியீட்டுப் பட்டிகளால் படிப்பவை. உருசியம், அரபி, தாய், வியத்துநாமியம் ஆகிய மொழிகட்கு விண்டோசில் அத்தகைய பட்டிகள் இருந்தன. தமிழ்க்கு ஒன்றும் இல்லை. ஆகலின் அச்செயலிகள் தமிழ்க் கோப்புறைப் பெயரைக் கண்டவுடன் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்து, 'இப்படியொரு வழி இல்லை' என்று நின்றுவிடும். பழம்பெருமொழிக்கு ஒரு பட்டி கூட ஒதுக்காது போனதன் விளைவை, இன்று மரக்காணத்து மாணவி தன் திரையில் காண்கின்றாள்.

எண்ணிக்கையிலும் ஒரு வழக்குண்டு. பொறியின் உள்ளகக் கணக்குப் பெயர் இருபது குறிகளைத் தாண்டக்கூடாது. தமிழ்ச்செல்வி என்பது தொல்காப்பியர் கணக்கில் ஏழெழுத்து. ஒருங்குறிக் கணக்கிலோ பதின்மூன்று. 'மி' என்பதை மகரமும் இகரக் குறியுமாக இரண்டென்றும், 'ழ்' என்பதை ழகரமும் புள்ளியுமாக இரண்டென்றும் அது எண்ணுகின்றது. உயிர்மெய் ஒவ்வொன்றையும் ஒரே குறியாக வைக்கும் 'தேசு' பதினாறு துணுக்கு முறை தமிழறிந்தாரால் வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் வீட்டுப்பொறியின் உள்ளேட்டில் அது ஏறவில்லை.

எனவே முடிபு இது: எழுதவும் படிக்கவும் இணையம் காணவும் மட்டும் பயன்படும் பொறியில், கோப்புறையைத் தமிழெழுத்திலேயே வைக்க, தடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பழஞ்செயலிகளை நம்பிப் பிழைப்பு நடத்தும் பொறியாயின், கோப்புறைப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். ஆனால் முழுப்பெயராக இருக்கட்டும். அங்கே பொறியின் குறையையே கருவியாக்கலாம். கணக்கை ஆங்கில எழுத்தில் தொடங்குக. கோப்புறை அப்பெயரில் அமைந்துவிடும். பிறகு காட்சிப்பெயரை மட்டும் தமிழில் மாற்றுக. கோப்புறை அசையாது, முகப்பில் தமிழ் நிற்கும். இதனைக் கடுந்தூயர் சிலர் ஒப்பார். அவர்தம் சினம் மதிக்கத்தக்கதே. ஆயினும் உழைப்பாளி வீட்டில் ஒரு விண்ணப்பம் கடைசி நாளில் திறவாமற் போவதைவிட இது மேல்.

ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் ஒலி பிசகாமல் எழுதுவதும் எளிதன்று. ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்படி ஆங்கிலத்தில் எழுத 2020இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்கட்கு ஆணை பிறப்பித்தது. நோக்கம் நன்று. ஆனால் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியதைக் கண்டு ஊரே நகைத்தது. சூன் திங்களில் வெளியான ஆணை அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. சான்றிதழிலும் வங்கிச் சுவடியிலும் எவ்வாறுள்ளதோ அவ்வாறே கோப்புறையிலும் எழுதுவது வீட்டார்க்கு நலம். முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டுமென 2021 திசம்பரில் அரசாணை வந்தபின் பள்ளி ஏடுகளில் தந்தையின் முதலெழுத்துத் தமிழில் ஏறத் தொடங்கியது. காட்சிப்பெயரில் அதனையும் சேர்த்தெழுதலாம்.

புதுப்பொறி வாங்குவோர் இத்தனை இடர்ப்பாட்டுக்கும் ஆளாக வேண்டுவதில்லை. கடைக்காரர் 'எல்லாம் அமைத்துத் தருகிறேன்' என்று அன்போடு கேட்பார். 'பெயரிடும் இடம் வரை செய்து நிறுத்துக. அதை வீட்டில் பெண்ணே எழுதுவாள்' என்று சொல்லுக. 2025 அக்டோபரில் விண்டோசு 11இன் முன்னோட்டப் பதிப்பொன்றில், அமைக்கும்போதே கோப்புறைப் பெயரைக் கட்டளையால் இட்டுக்கொள்ளும் ஏந்து தரப்பட்டது. உலகெங்குமுள்ள பயனர் ஐந்தெழுத்து வெட்டைப் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டபின் வந்தது அது. பழம்பொறி வைத்திருப்போர், இன்று வீடு திரும்பியதும் 'யூசர்சு' கோப்புறையைத் திறந்து அங்கே நிற்பது யார் பெயரென்று பார்த்து, அதனை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருக. அடுத்த திங்கட் கூட்டத்திற்குப் பொறியையும் கொண்டுவருவோர்க்கு, வெளி வட்டு ஒன்று இங்கே அணியமாக இருக்கும், படியெடுப்பதிலிருந்து தொடங்கலாம்.